கோப்ரா ரெப்ளிக்கா, பெயிண்ட் இல்லாத அலுமினியம் பாடி: எந்த பேப்பர்ல ஆரம்பிச்சு எங்க நிறுத்தறது?

அரைகுறை_கோப்ரா (டர்பன்):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான போஸ்ட், பொறுத்துக்கோங்க. நான் திருநெல்வேலி பக்கம், தென்னாப்பிரிக்கா டர்பனுக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு, பொழப்பு ஐடி, ஸ்பேனர் பிடிக்கிறதெல்லாம் சனி ஞாயிறு மட்டும்தான். போன வருஷம் பைன்டவுன்ல ஒரு வெள்ளைக்கார பெரியவர் தவறிட்டார்னு அவர் பிள்ளைங்க கராஜை காலி பண்ணாங்க, அதுல பாதில நின்ன ஒரு கோப்ரா ரெப்ளிக்கா (அறுபதுகள்ல வந்த ஸ்போர்ட்ஸ் காரோட நகல்) கிடந்துச்சு. சேஸிஸ் இருக்கு, பாடி இருக்கு, எஞ்சின் கிடையாது. இந்த ஊர்ல ஓடற கோப்ரா பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ் பாடிதானே, இதுவும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சு போனேன். தட்டிப் பாத்தா டங்குனு சத்தம். காந்தம் வச்சேன், ஒட்டலை. முழுக்க அலுமினியம்! மனுஷன் மரத்துல சட்டம் கட்டி, இங்கிலிஷ் வீல்ல (தகடை வளைக்கற உருளை மெஷின்) தகடை உருட்டி உருட்டி, துண்டு துண்டா வெல்டு வச்சு கையாலயே பண்ணிருக்கார். ஓரத்துல வெர்னியர் வச்சுப் பாத்தா 1.6 மில்லி.

இவ்ளோ வேலை பண்ணின தகட்டு மேல பட்டி போட்டு பெயிண்ட் அடிக்க மனசே வரலை. அப்படியே வெறும் மெட்டலா விட்டு கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணணும்னு ஆசை. வீட்ல "பாத்திரக்கடையை உருட்டிக்கிட்டு போற மாதிரி இருக்கும்"னு சொல்றாங்க, அதை விடுங்க.

ட்ரையலுக்கு இடது கதவை மட்டும் கழட்டி ஆர்பிட்டல் சாண்டர்ல 80, 120, 240, 400னு (நம்பர் ஏற ஏற பேப்பர் மெல்லிசு) ஏறி, கடைசில காம்பவுண்ட் போட்டு பஃப் அடிச்சேன். பத்தடி தள்ளி நின்னு பாத்தா தங்கம். வெயில்ல கொண்டுபோய் வச்சு கிட்ட பாத்தா அழுகை வருது. முதல்ல, பேனா எழுதுதான்னு நோட்டு மூலைல கிறுக்கிப் பாப்போமே, அந்த மாதிரி சுருள் சுருளா கீறல் கதவு பூரா. ரெண்டாவது, வெல்டு வச்ச இடம் ஒரு சாம்பல் கோடா நிழலாடுது, எவ்ளோ தேச்சாலும் போகலை. மூணாவதுதான் பெருசு: டியூப் லைட்டை அதுல பாத்தா லைட்டு பாம்பு மாதிரி நெளியுது. இதுக்கு நடுவுல உள்பக்கத்தை ஸ்டீல் வூல் வச்சு தேச்சேன், ரெண்டு வாரத்துல பழுப்பு பழுப்பா புள்ளி. அலுமினியம் துருப்பிடிக்குமா என்ன?

80ல ஆரம்பிச்சது தப்பா, 2000 வரைக்கும் போகணுமா, மெஷினா கையா, மேல க்ளியர் (நிறமில்லாத கோட்டிங்) அடிக்கலாமா? வீட்லேர்ந்து நேர்கோட்ல பாத்தா கடல் 4 கிலோமீட்டர் கூட இருக்காது, அதையும் மனசுல வச்சு சொல்லுங்க.

சாட்ஸ்வொர்த்_பேரன்:

அண்ணா, சூப்பர் வண்டி. என் தமிழ் உடைஞ்ச தமிழ், நாங்க இங்கயே அஞ்சு தலைமுறை, ஆயாகிட்ட பேசிப் பேசி வந்ததுதான், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. என் மாமா மொபெனில பேனல் பீட்டர். அவர்கிட்ட கேட்டேன், "டூ-கே க்ளியர் ரெண்டு கோட் அடி, மறந்துடு"ன்னு சொல்றார் (டூ-கேன்னா ஹார்டனர் கலந்து அடிக்கறது). அப்புறம் ஆயா குத்துவிளக்கை புளியும் சாம்பலும் போட்டு தேய்ப்பாங்க, கோயிலுக்கு கொண்டு போற நாள்ல மூஞ்சி தெரியும். அது கதவுக்கு ஆகாதா? கேக்கறேன், சிரிக்காதீங்க.

பழைய_டிங்கர் (லெனேசியா, ஜோபர்க்):

தம்பி, உன் நாலு கேள்வில மூணு பேப்பரைப் பத்தி. உன் கதவோட வியாதி பேப்பர்ல இல்ல. நான் கோயம்புத்தூர்ல பதினாலு வயசுல டிங்கர் பட்டறைல சேர்ந்தவன், இங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல பேனல் வேலைதான், அதனால சொல்றேன், கோவிச்சுக்காத. பேப்பர் கீறலைத்தான் எடுக்கும். ஒடுக்கை எடுக்காது. டியூப் லைட்டு நெளியுதுன்னா தகடு நெளிஞ்சிருக்கு, அதை 2000 வரைக்கும் தேச்சா பளபளப்பான நெளிசல்தான் கிடைக்கும். பெயிண்ட் அடிக்கற வண்டின்னா அந்த இடத்துல பட்டி பாத்து மூடிட்டு போயிருவோம், அரை மில்லி பள்ளமெல்லாம் எங்க கணக்குலயே வராது. வெறும் மெட்டல்னு முடிவு பண்ணிட்டா மூட ஒண்ணும் இல்ல, தகடேதான் நேராகணும். அதான் இந்த வேலைக்கு பாதிப்பேர் பாதில பெயிண்டுக்கு போயிடறாங்க. ஒரிஜினல் கோப்ரா கூட 1962ல இங்கிலாந்துல ஏசிங்கற கார் கம்பெனி அலுமினியத்துல பாடி அடிச்சு பெயிண்ட் போட்டுத்தான் அமெரிக்காவுக்கு, கோப்ராவை உருவாக்கின கரோல் ஷெல்பிகிட்ட அனுப்புச்சு, எஞ்சின்தான் அங்க போய் ஏறுச்சு. தேச்ச அலுமினியம் அழகுங்கறது பெரும்பாலும் பின்னாடி வந்த நம்மள மாதிரி ஆளுங்க ஆசை.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல ஒரு கருப்பு மார்க்கர் வாங்கி கதவு பூரா குறுக்கும் நெடுக்குமா கோடு போடு. ஒரு முழ நீளத்துல நேரான கட்டை எடுத்துக்கோ, வளைவான இடத்துக்கு வளைஞ்சு குடுக்கற ரப்பர் கட்டை, அதுல 180 பேப்பர் சுத்தி நாலே நாலு இழுப்பு மூலைவாட்டுல இழு. மை போன இடம் மேடு, மை நிக்கற இடம் பள்ளம். அவ்ளோதான் சூத்திரம். பள்ளத்தை உள்பக்கமிருந்து சின்ன சுத்தியலால, வெளில டாலி (அடியைத் தாங்கற இரும்புக் கட்டி) பிடிச்சு, மெதுவா தூக்கணும். மெதுவான்னா சும்மா கொட்டணும், அடிக்கக்கூடாது, அலுமினியம் இரும்பு மாதிரி இல்ல, ஒரு அடி ஜாஸ்தி விழுந்தா தகடு நீண்டு போய் பள்ளம் மேடாயிடும், அந்த மேட்டை இறக்கறது பத்து மடங்கு வேலை. சுத்தியல் முகத்தையும் டாலி முகத்தையும் முதல்ல பாலிஷ் பண்ணி வச்சுக்கோ, அதுல ஒரு வடு இருந்தா ஒவ்வொரு அடிக்கும் அந்த வடு தகட்டுல அச்சாகும். திரும்ப மை, திரும்ப கட்டை. ஒரு கதவுக்கு முப்பது நாப்பது தடவை வரும். கண்ணை விட கை நல்லா சொல்லும், மெல்லிசான பிளாஸ்டிக் பையை கைல மாட்டிக்கிட்டு கண்ணை மூடி தடவிப் பாரு, முடி கனத்துக்கு மேடு இருந்தாலும் தெரியும்.

வெல்டு மேட்டுக்கு கிரைண்டர் எடுத்துடாத. வளைஞ்ச பல்லு உள்ள பாடி அரம் கிடைக்கும், அதான். அரத்துல முதல்ல சாக்பீஸ் தேச்சுக்கோ, இல்லைன்னா அலுமினியம் பல்லுக்குள்ள அப்பிக்கிட்டு அதுவே தகட்டுல பள்ளமா கோடு போடும். எவ்ளோ மெட்டல் மிச்சம்னு கவனிச்சுக்கிட்டே அராவு. அந்த பெரியவர் ஏற்கனவே அராவிருப்பார், ஓரத்துல 1.6 இருக்கறதால நடுவுலயும் 1.6 இருக்கும்னு நம்பாத. வெல்டு பக்கத்துல கட்டை விரலால அமுக்கு, தகர டப்பா மாதிரி டப்புனு உள்ள போய் வெளிய வந்தா ஒண்ணு மெலிஞ்சிருக்கு, இல்ல நீண்டு தளர்ந்திருக்கு. ரெண்டுலயும் அங்க அரத்தை வைக்காத.

தகடு நேரான பிறகுதான் பேப்பர். 80 இந்த வேலைக்கே வேண்டாம், கீறலை எடுக்கத் தேவையான குறைஞ்ச கொரகொரப்பு எதுவோ அதுல ஆரம்பி, அரம் போட்ட இடத்துக்கு 120 இல்ல 180, மத்த இடத்துக்கு 240 போதும். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாத்து: 180 ஒரு மூலைவாட்டு, 240 எதிர் மூலைவாட்டு, 320 மறுபடி. முந்தின கோடு ஒண்ணு கூட கண்ணுல படாத வரைக்கும் அடுத்த நம்பரைத் தொடாத. உன் கதவுல சுருள் வந்தது ஏன்னா, பேப்பர்ல அலுமினியம் ஒட்டி கடுகு மாதிரி கட்டியாகும், மெஷின் அந்தக் கட்டியை வட்ட வட்டமா இழுத்துக்கிட்டு போகும், அடியில 80 கீறல் வேற அப்படியே கிடந்துச்சு, 400 அதை எடுக்கவே எடுக்காது. கையால கட்டை வச்சு தேய். பேப்பர்ல துளி மண்ணெண்ணெய் விட்டுக்கோ, இங்க கடைல பாரஃபின்னு கேட்டாத்தான் குடுப்பான், ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு செய், பக்கத்துல பீடி சிகரெட் கூடாது. வாசனை ஆகலைன்னா சோப்புத் தண்ணியும் ஓகேதான்.

கண்ணாடி ஆகணுமா இல்ல கோடு போட்ட ஃபினிஷ் போதுமான்னு அதுக்கு அப்புறம் முடிவு பண்ணு. 400 வரைக்கும் ரெண்டுக்கும் ஒரே வழி.

ரிச்சர்ட்ஸ்பே_அக்கா:

பெரியவர் சொன்னதுக்கு மேல பேனல் பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்ல. உலோகம் எனக்கு சோறு போடற விஷயம்ங்கறதால அந்தப் பக்கத்தை மட்டும் சொல்றேன்.

பழுப்புப் புள்ளி: அலுமினியம் துருப்பிடிக்கலை தம்பி, நீங்க தேச்ச ஸ்டீல் வூல் துருப்பிடிக்குது. அலுமினியம் மெத்துனு இருக்கறதால நூல்நூலா இரும்புத் தூள் அதுல குத்திக்கிட்டு நிக்கும், டர்பன் காத்துல உப்பு ஈரம் பட்டதும் அது துருவாகும், அதோட நிக்காது, ரெண்டு வேற வேற உலோகம் தொட்டுக்கிட்டு ஈரமும் இருந்தா அலுமினியம்தான் கரையும், புள்ளிக்கு அடியில குழி விழும். மெரூன் கலர் ஸ்காட்ச்பிரைட் வச்சு அந்த இடத்தை தேச்சு எடுங்க, அதுல இரும்பு கிடையாது. இனிமே ஸ்டீல் வூலும் சாதா கம்பி பிரஷ்ஷும் அந்த கராஜுக்குள்ளயே வரக்கூடாது. சேஸிஸ் இரும்பு, பாடி அலுமினியம், ரெண்டும் சேர்ற இடத்துல ரிவெட்டு அடிக்கறப்போ நடுவுல சீலன்ட் பட்டை கண்டிப்பா இருக்கணும், இதே காரணம்தான்.

சாம்பல் கோடு: வெல்டுக்கு என்ன கம்பி போட்டார்ங்கறதைப் பொறுத்தது. 4043ங்கற கம்பில சுமார் 5 சதவீதம் சிலிக்கான், உருகி ஓட நல்லா இருக்கும், அதனால நிறைய பேர் அதைத்தான் வைப்பாங்க, ஆனா தகட்டோட நிறம் சேராது, கொஞ்சம் கருப்படிக்கும், அனோடைஸ் பண்ணினா (மின்சாரத்துல ஆக்சைடு படலம் ஏத்தறது) இன்னும் மோசம். 5356ல மெக்னீசியம், அது நிறம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். உங்க கோடு எவ்ளோ தேச்சும் போகலைன்னா அது அழுக்கில்ல, உலோகமே வேற. தேச்சு போக்க முடியாது. கண்ணாடி பாலிஷ்ல அது பளிச்சுனு தெரியும், ஒரே திசைல கோடு போட்ட ஃபினிஷ்ல வெளிச்சம் சிதறி முக்கால்வாசி மறைஞ்சுடும். நான் உங்க இடத்துல இருந்தா இந்த ஒரு காரணத்துக்கே கண்ணாடியைக் கைவிட்டுடுவேன்.

பேரன் தம்பி, உங்களைப் பாத்து யாரும் சிரிக்கலை, நல்ல கேள்வி. விளக்கு பித்தளை. புளில இருக்கற அமிலம் செம்போட ஆக்சைடை கரைக்கும், அடியில இருக்கற பித்தளையை ரொம்பத் தொடாது, அதான் பளபளப்பு. அலுமினியத்துல கதை வேற, அதுக்கு மேல சில நானோமீட்டர் கனத்துல ஒரு ஆக்சைடு படலம் தானா உருவாகி நிக்குது, அதான் அதுக்குக் கவசம். புளியும் அதைத் தின்னும், சாம்பலோட காரமும் தின்னும், எதைப் போட்டாலும் மங்கிப்போகும். உங்க ஆயாகிட்டயே கேளுங்க, புளிக்குழம்பை அலுமினிய சட்டில ராத்திரி வச்சிருப்பாங்களான்னு. இதே கணக்குல ஓவன் க்ளீனர், டிரெயின் க்ளீனர் எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது, காஸ்டிக் சோடா பட்டா அலுமினியம் நுரைச்சு கருத்துடும்.

க்ளியர் பத்தி மாமா சொல்றது வீல் ரிம்முக்கும் பெயிண்ட் வண்டிக்கும் பழகின கை சொல்றது, தப்புன்னு சொல்லலை. ஆனா கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கற அலுமினியத்துல க்ளியர் பிடிச்சு நிக்க பிடிமானமே இல்ல. ஒரு கல்லு தெறிச்சு ஊசிமுனை அளவு உடைஞ்சா போதும், உப்புத்தண்ணி அடியில போய் புழு ஊர்ந்த மாதிரி மெல்லிசா வெள்ளை வெள்ளைக் கோடு ஓடும். பழைய அலாய் வீல்ல பாத்திருப்பீங்க. ஓட ஆரம்பிச்சா தடவி சரி பண்ற வேலையே கிடையாது, க்ளியர் முழுசையும் உரிச்சு முதல்லேர்ந்து. அதுக்கு முன்னாடி ரசாயனமா ஒரு குரோமேட் படலம் குடுத்தா பிடிக்கும், ஆனா பழைய வகை குரோமேட் புற்றுநோய் வரவைக்கற சமாச்சாரம், வீட்டு கராஜ்ல அதை நெனச்சே பாக்காதீங்க.

சின்ன சந்தோஷ சமாச்சாரம் ஒண்ணு. அலுமினியத்தை இங்க ரிச்சர்ட்ஸ் பேல ஹில்சைடு உலைல காய்ச்சறாங்க, மாரிட்ஸ்பர்க்ல ஹுலமின் மில்லுல தகடா உருட்டறாங்க. பைன்டவுன் பெரியவர் தகடு வாங்கினது அங்கேர்ந்தா இருந்தா, உங்க வண்டி பக்கா குவாசுலு நடால் மாகாணத்துக்காரன்.

ஹைவெல்ட்காரன் (பிரிட்டோரியா):

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. எங்கிட்ட லோட்டஸ் செவன் ரெப்ளிக்கா இருக்கு, மூக்கும் மட்கார்டும் ஃபைபர், நடு உடம்பு வெறும் அலுமினியம், ஆறு வருஷமா கண்ணாடி பாலிஷ்லதான் ஓட்டறேன். முடியாதுன்னு இல்ல. 400க்கு அப்புறம் 600, 800, 1000, 1500, 2000 வரைக்கும் தண்ணில தேச்சு, அப்புறம் தையல் போட்ட துணி வீல்ல பிரவுன் காம்பவுண்ட், கடைசில தொளதொள துணி வீல்ல வெள்ளை. கை சும்மா ஒரே இடத்துல நிக்கக்கூடாது, மெல்லிசு தகடு சூடேறி வளைஞ்சுடும். என் முதல் பேனலை பாலிஷ் கடைல குடுத்து ஒரு ஆள் பெரிய மெஷின்ல அமுக்கி அமுக்கி தேச்சு வளைச்சுக் குடுத்தான், "முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு"ன்னு சத்தியம் வேற. அன்னிலேர்ந்து நானேதான். வீல் ஓரத்தை எப்பவும் பேனல் நடுவுலேர்ந்து வெளிப்பக்கம் சுத்தற மாதிரி பிடிங்க, எதிர் ஓரத்துல மாட்டினா பேனல் கைலேர்ந்து பறந்துடும், லுங்கி துண்டு தளதள சட்டை எதுவும் கூடாது.

ஆனா உண்மையைச் சொல்லணும். இங்க கடல் கிடையாது, குளிர்காலம் பூரா காத்து வறண்டு கிடக்கும், அப்படி இருந்துமே மாசம் ஒரு தடவை ஆட்டோசால் (மெட்டல் பாலிஷ் பேஸ்ட்) போட்டு ஒரு ஞாயித்துக்கிழமை போகுது. ஃப்ரீவேல மதிய வெயில்ல பானெட் நேரா கண்ணுல அடிக்கும், கோப்ரா பானெட் அதைவிட அகலம். டர்பன்ல நான் பண்ண மாட்டேன். எனக்கு டிலோரியன் கார் ஃபினிஷ்தான் புத்திசாலித்தனமா படுது. அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் இல்ல, ஆனா தத்துவம் ஒண்ணுதான், 1981லேர்ந்து அந்த வண்டில கீறல் விழுந்தா கோடு ஓடற திசையிலயே ஸ்காட்ச்பிரைட் இழுத்து மறைச்சுடறாங்க. கண்ணாடில கீறல் விழுந்தா மறைக்க இடமே இல்ல.

அரைகுறை_கோப்ரா:

இவ்ளோ பதில் எதிர்பாக்கலை, ரொம்ப நன்றி. டிங்கர் ஐயா சொன்ன மாதிரி மார்க்கர் போட்டு நாலு இழுப்பு இழுத்தேன். கைப்பிடி வர்ற இடத்துக்குக் கீழ ஒரு தோசை அளவுக்கு மை அப்படியே நின்னுச்சு! அவ்ளோ பெரிய பள்ளம் இத்தனை நாளா என் கண்ணுக்குத் தெரியவே இல்ல. கண்ணாடி கேன்சல், கோடு போட்ட ஃபினிஷ்தான், வீட்லயும் சந்தோஷம்.

ரெண்டு சந்தேகம். கடைசி கோடு எந்தத் திசைல ஓடணும், பின்சக்கரத்து மேல அந்த இடுப்பு வளையுதே அங்க என்ன பண்றது? இன்னொண்ணு, தரை பூரா வெள்ளி மாவு மாதிரி தூசி. அதே கராஜ்ல சேஸிஸ் பிராக்கெட் வெல்டிங்கும் நடக்குது.

பழைய_டிங்கர்:

ரெண்டாவது கேள்வியை முதல்ல எடுத்துக்கறேன். வெல்டிங்கை இன்னிக்கே நிறுத்து. அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் சேந்து தீப்பொறி பட்டா என்ன ஆகும்னு தெரியுமா, ரயில் தண்டவாளத்தை ஒட்டறதே அந்த நெருப்பை வச்சுத்தான். தூசியைப் பெருக்கு, ஏர் அடிச்சுக் கிளப்பாத, காத்துல பறந்தா அதுவும் ஆபத்து. இரும்பு கிரைண்டிங் தூசி இருக்கற வாக்குவம் கிளீனர்ல இதை உறிஞ்சாத. ஈரத்துல தேச்ச சேறு இருக்கே, அதை டப்பால போட்டு இறுக்கி மூடாத, தண்ணியோட சேந்து ஹைட்ரஜன் விடும், டப்பா உப்பும். மூக்குக்கு எஃப்எஃப்பி2 மாஸ்க். கர்ச்சீப் கட்டினா போதும்னு நானும் இருந்தவன், இன்னிக்கு மாடிப்படி ஏறினா தெரியுது.

திசை. மூக்குலேர்ந்து வாலுக்கு, காத்து ஓடற வழி. முக்கியமா, கதவு பானெட் பூட் எல்லாத்தையும் மாட்டி, மூடி, இடைவெளி சரி பண்ணிட்டு, வண்டி முழுசா நிக்கறப்போ இழுக்கணும். தனித்தனியா கழட்டி வச்சு இழுத்தா மாட்டினப்புறம் கோடு கோட்டோட சேராது, கோலத்துல இழை விட்டுப்போன மாதிரி ஒரு பார்வைலயே உறுத்தும். இடுப்பு வளைவுக்கு மாஸ்கிங் டேப்பை நீளமா, வளைவு எப்படி ஓடுதோ அப்படியே ஒட்டி, அதை ஓரமா வச்சுக்கிட்டு மெரூன் ஸ்காட்ச்பிரைட்டை ரப்பர் கட்டைல சுத்தி இழு. ஒரு இழுப்பு தொடங்கினா நடுவுல நிறுத்தாத, நிறுத்தின இடத்துல கொக்கி விழும். இழுப்பு தொடங்கறதும் முடியறதும் பேனலுக்கு வெளில, காத்துல இருக்கட்டும், விமானம் இறங்கி ஏறற மாதிரி. ரெண்டு கையாலயும் ஒரே அமுக்கு. புது ஸ்காட்ச்பிரைட் முதல் பத்து இழுப்பு கூடுதலா வெட்டும், அதை ஒரு துண்டுத் தகட்டுல தேச்சு பழக்கிட்டு அப்புறம் வண்டிக்குக் கொண்டு வா.

ரிச்சர்ட்ஸ்பே_அக்கா:

முடிச்சதும் பருத்திக் கையுறை போட்டுக்கோங்க, வியர்வைக் கை பட்டா ரேகை அப்படியே பதிஞ்சு நிக்கும். தின்னர்ல துடைச்சு, அன்னிக்கே மெழுகு, ரெண்டு கோட். டர்பனுக்கு மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை மெழுகு, கடற்கரை ரோட்ல போய் வந்தா அன்னிக்கே நல்ல தண்ணில கழுவுங்க. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க, உள்ள ஈரம் நின்னு வெள்ளை வெள்ளையா பூக்கும்.

அரைகுறை_கோப்ரா:

ஏழு வாரம் கழிச்சு வர்றேன். கதவு ரெண்டும் பானெட்டும் முடிஞ்சுது, முன் மட்கார்டு இன்னும் 240ல நிக்குது. இடது கதவுக்கு மட்டும் முப்பத்தி நாலு தடவை மை போட்டேன், எண்ணி சுவத்துல கோடு கிழிச்சு வச்சிருக்கேன். அந்தத் தோசைப் பள்ளம் பதினெட்டாவது தடவை போச்சு, இருபதாவது தடவை ஒரு அடி ஜாஸ்தி வச்சு மேடாக்கி, மிச்சம் பதினாலு தடவையும் அதை இறக்கத்தான். ஐயா சொன்ன "பத்து மடங்கு" அப்பதான் புரிஞ்சுது.

நேத்து சாயங்காலம் கதவு மூடி முதல் தடவை இழுத்தேன். முன்மட்கார்டு ஓரத்துல ஆரம்பிச்சு, கதவு இடுக்கைத் தாண்டி, பின்னாடி வரைக்கும் ஒரே இழுப்பு, கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர், கூடவே நடக்கணும். ஸ்ஸ்ஸ்னு ஒரே சீரா சத்தம் வந்தா சரியா போகுது, சத்தம் மாறினா அமுக்கு மாறிடுச்சு, இது யாரும் சொல்லாம நானா கண்டுபிடிச்சது. டியூப் லைட்டு இப்போ லைட்டாவே தெரியலை, பால் மாதிரி மொத்தமா ஒரு வெளிச்சம்தான் நிக்குது. வெல்டு கோடு, தெரிஞ்சவன் தேடினாத் தெரியும். அக்கா, 4043தான்னு நெனைக்கறேன், அவர் பழைய டப்பால அந்தக் கம்பி அரைக்கிலோ கிடந்துச்சு.

கதவைக் கழட்டினப்போ உள்பக்க மடிப்புல பென்சில்ல அவர் கையெழுத்தும் "இடது, மூணாவது முயற்சி"ன்னு இங்கிலிஷ்லயும் எழுதியிருந்துச்சு. அந்த இடத்தை மட்டும் தேய்க்காம விட்டுட்டேன்.

கழட்டி வச்சிருக்கற பழைய ஃப்யூயல் மூடியை மட்டும் ஆசைக்கு கண்ணாடி பாலிஷ் பண்ணினேன். காம்பவுண்டோட கருப்புக் கசடு மூலைல அப்பிக்கிட்டு போகவே மாட்டேங்குது, அதுக்கு என்ன போடறது?

ஹைவெல்ட்காரன்:

சோள மாவு! மெல்லிசா தூவி சுத்தமான துணியால துடைங்க, எண்ணெயையும் கருப்பையும் மாவு இழுத்துக்கும். மைசீனா டப்பா (கடைல விக்கற கார்ன்ஃப்ளவர்) போதும், பாப்ங்கற களி கிண்டற மீலி மாவு வேண்டாம், அது கொரகொரப்பு.

சாட்ஸ்வொர்த்_பேரன்:

அண்ணா, மைசீனா எடுக்கறதுக்கு முன்னாடி வீட்ல சொல்லிட்டு எடுங்க. எங்க மாமா கேக்காம எடுத்தார், ஆயா இன்னும் அவர்கிட்ட பேசலை. புளிக்குழம்பு கேள்வியும் கேட்டேன் அக்கா, "எந்த மடையன் அலுமினியத்துல வைப்பான்"ன்னு என்னைத்தான் திட்டினாங்க.